சீட்டு கேட்காமல் விற்கப்படும் முடி மாத்திரை

ஆண்களின் வழுக்கைக்குத் தரப்படும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 மே மாதம் உறுதிசெய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், இதே மருந்தைத் தலையில் தடவும் திரவமாகக் கலந்து விற்பது குறித்து அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருந்தது. பாலியல் நாட்டம் குறையும், விறைப்புக் குறைபாடு வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இவை தொடரும் என்ற எச்சரிக்கைகள் இன்னும் பழையவை. நம் ஊரில் இந்த மாத்திரையை வாங்க, பெரும்பாலான மருந்துக் கடைகளில், பெயர் தெரிந்திருந்தால் போதும்.

இதைத் தடைசெய்ய வேண்டும் என்று எச்சரித்த முகமைகளே சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. தீங்கைவிடப் பலன் கூடுதல் என்பதே இன்றும் ஐரோப்பிய முகமையின் முடிவு. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியவர் மாத்திரையை விழுங்குகிறவர். அவருக்கு இங்கே யாரும் எதையும் சொல்வதில்லை. விளைவு வந்தபின் அவராலும் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

கரீபியன் கிராமத்திலிருந்து வந்த மருந்து

டொமினிகன் குடியரசில் லாஸ் சலினாஸ் என்று ஒரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணுடல் பெற்றார்கள். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர் ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லியும் அவரது குழுவினரும் 1974இல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற வீரியம் கூடிய ஹார்மோனாக மாற்றும் நொதி அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை.

வளர்ந்த பிறகு அவர்களிடம் வேறு இரண்டு விஷயங்களும் தெரிந்தன. புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது; தலையில் வழுக்கை விழவில்லை. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்று மெர்க் நிறுவனம் யோசித்தது. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997 டிசம்பரில் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மருந்து வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. இரண்டு ஆண்டுச் சோதனையில் மாத்திரை எடுத்தவர்களில் 83% பேருக்கு முடியின் எண்ணிக்கை குறையாமல் நின்றது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28% பேருக்குத்தான் அப்படி நின்றது. ஆனால் நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்தப் பலன் கரைந்துவிடும். 22 வயதில் தொடங்குகிறவர் முடியைக் காப்பாற்ற வேண்டுமானால் 40 வயதிலும் தினமும் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். நோய் எதுவும் இல்லாத ஓர் இளைஞர், தோற்றத்துக்காக, பல்லாண்டுகள் தன் ஹார்மோனைக் குறைத்துக்கொள்கிறார். காய்ச்சல் மாத்திரைக்கும் இதற்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது.

எத்தனை பேருக்கு வரும்?

அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் மாத்திரை எடுத்த 945 ஆண்களில் 3.8% பேருக்கு ஏதோ ஒரு பாலியல் பக்கவிளைவு வந்தது. வெற்று மாத்திரை எடுத்த 934 பேரில் அது 2.1%. அதாவது 100 பேரில் கூடுதலாக இரண்டு பேருக்கும் குறைவு. நாட்டம் குறைவது, விறைப்பு சரியாக வராதது, விந்தின் அளவு குறைவது ஆகிய மூன்றும்தான் முக்கியமானவை. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு இவை சரியாகிவிட்டன. சிலருக்கு மருந்தைத் தொடர்ந்தபோதே சரியாயின.

இந்தக் கணக்கு சிறியதுதான். ஆனால் கோடிக்கணக்கானோர் எடுக்கும் மருந்தில் சிறிய விகிதமும் பெரிய கூட்டம். அந்தச் சோதனைகளும் நிறுத்திய பிறகு என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. மருந்து சந்தைக்கு வந்த பிறகுதான், நிறுத்தி மாதங்கள் ஆகியும் பழைய நிலை திரும்பவில்லை என்று ஆண்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2012 ஏப்ரலில் அமெரிக்க நிர்வாகம் மருந்தின் விவரக் குறிப்பில் இதைச் சேர்த்தது: நாட்டக் குறைவும் விந்து வெளியேற்றக் கோளாறும் உச்சநிலைக் கோளாறும் மருந்தை நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகப் புகார்கள் உண்டு.

மனச்சோர்வு அதற்கு முன்பே குறிப்பில் ஏறியிருந்தது. தற்கொலை எண்ணம் ஏறுவதற்கு 2022 வரை ஆனது, அதுவும் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பு ஒன்று 2017இல் மனுக்கொடுத்த பிறகு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய முகமையின் ஆய்வில் ஃபினாஸ்டெரைடுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியவை என்று எடுத்துக்கொள்ளப்பட்ட தற்கொலை எண்ணப் புகார்கள் 313. எல்லோருடைய பயன்பாட்டையும் ஆண்டுக்கணக்கில் கூட்டினால் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். இவ்வளவு பெரிய பயன்பாட்டுக்கு இது மிகச் சிறிய எண். புகார் செய்யாதவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கில் வராது. வழுக்கையே ஒருவரைச் சோர்வில் தள்ளக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது. எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கணக்கிட இயலவில்லை என்றே முகமையும் சொல்லிவிட்டது. பாலியல் பிரச்சினைகள் ஏன் சிலருக்கு மட்டும் நீடிக்கின்றன என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் இன்னும் முடியவில்லை.

சொன்னால் பயப்படுவார்களா?

இதைப் பற்றிப் பேசினால் மருத்துவர்கள் சிலர் 2007இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வைக் காட்டுவார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராம் எடுத்த ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 43.6% பேர் அப்படி வந்ததாகச் சொன்னார்கள். சொல்லாமல் கொடுக்கப்பட்டவர்களில் 15.3% பேர். பயமே பாதி நோய் என்பதற்கு இது சான்று. ஆகவே சொல்லாமல் கொடுப்பதே நல்லது என்று வாதிடுகிறார்கள்.

எனக்கு இந்த வாதம் ஒப்பவில்லை. ஒன்றுமே சொல்லப்படாதவர்களிலும் 15.3% பேர் சிரமப்பட்டார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. காரணம் தெரியாததால் தம்மிடமே கோளாறு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். மேலும், மருத்துவர் சொல்லாவிட்டால் நோயாளிக்குத் தெரியாமல் போகும் காலம் இது இல்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கைபேசியில் தேடி, உள்ளதிலேயே பயங்கரமான காணொளியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நிதானமாக, விகிதத்தோடு, மருத்துவர் வாயால் கேட்பதே பயத்தைக் குறைக்கும்.

சொல்ல முடியாத இடம்

தமிழ்நாட்டில் ஒரு 27 வயது ஆண் எப்போது இந்த மாத்திரையைத் தொடங்குகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வரன் பார்க்கத் தொடங்கும் சமயத்தில். முன்நெற்றி ஏறிவிட்டது, போட்டோவில் வயது கூடித் தெரிகிறது என்று வீட்டில் பேச்சு எழும். ‘சொட்டை’ என்ற கேலியை நம் சினிமா நகைச்சுவை அரை நூற்றாண்டாக அலுக்காமல் விற்றுவருகிறது. நண்பர் ஒருவர் மாத்திரையின் பெயரைச் சொல்வார். அல்லது இணையச் செயலி ஒன்று சில கேள்விகளுக்கு விடை தட்டச் சொல்லி, மூன்று மாத மருந்தை வீட்டுக்கே அனுப்பிவிடும்.

கல்யாணம் ஆகிறது. பக்கவிளைவு வந்த சிலரில் அவரும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மனைவியிடம் சொல்லக் கூச்சம். பெற்றோரிடம் சொல்ல முடியாது. தோல் மருத்துவரிடம் போனால் முடியைப் பற்றித்தான் பேச்சு. அவரும் இதைக் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.

பிறகு எங்கே போவார்? பேருந்து நிலையச் சுவர்களும் பின்னிரவுத் தொலைக்காட்சியும் வழிகாட்டும். ‘வாலிப, வயோதிக அன்பர்களே’ என்று அழைக்கும் விளம்பரங்கள் பல தலைமுறைக்குப் பழக்கம். இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர் என்று லாட்ஜ் அறைகளில் முகாமிடும் வைத்தியர்கள் உண்டு. அங்கே பழைய கைப்பழக்கம்தான் காரணம் என்பார்கள். மாதக் கணக்கில் லேகியம் தருவார்கள். தலைக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்ற ஒரே ஒரு கேள்வி மட்டும் வராது. காசும் போய், காரணமும் தெரியாமல், குற்ற உணர்ச்சி கூடியதுதான் மிச்சம்.

இந்திய மருந்து விதிகளில் ‘அட்டவணை ஜே’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த மருந்தும் தீர்ப்பதாகவோ தடுப்பதாகவோ உரிமை கொண்டாடக் கூடாத குறைகளின் பட்டியல் அது. வழுக்கையும் அதில் இருக்கிறது, உடலுறவு நேரத்தைக் கூட்டுவதும் இருக்கிறது. பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே தடைசெய்கிறது. ஒரே இளைஞரின் இரண்டு கவலைகளில் பிழைக்கும் இரண்டு வியாபாரங்களையும் சட்டம் முன்பே கண்டுகொண்டது. சுவரொட்டிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டியவை

கல்யாணமாகி ஆறு மாதத்தில் ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்று உறவுக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். குழந்தை தள்ளிப்போனால் சோதனைகள் முதலில் பெண்ணுக்குத்தான் நடக்கும். ஃபினாஸ்டெரைடு சிலருக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைப்பதும், நிறுத்தினால் அது மேம்படுவதும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் முடி மாத்திரையை யாரும் ‘மருந்து’ என்று நினைப்பதில்லை. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டாலும், ஒன்றும் இல்லை என்றே பதில் வரும்.

காசு மிச்சம் பிடிக்க 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நான்காக நறுக்குகிறவர்கள் உண்டு. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர டி.எச்.டி. தேவை. அதனால் கர்ப்பமான பெண்களும், கர்ப்பம் தரிக்கக்கூடியவர்களும் உடைந்த மாத்திரையையோ பொடியையோ தொடவே கூடாது என்று மருந்தின் குறிப்பு சொல்கிறது. காய்கறிக் கத்தியால் மாத்திரையை நறுக்கும் கணவருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

50 வயதைக் கடந்தவர்களுக்கு வேறொரு கவலை. புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவை இந்த மருந்து ஏறத்தாழ பாதியாக்கிவிடும். மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், உயர்ந்திருக்கும் அளவும் சாதாரணமாகத் தெரியும்.

தடவுவதுதானே என்று நினைக்க வேண்டாம்

மாத்திரைக்குப் பயந்தவர்களுக்கு இப்போது திரவம் பரிந்துரைக்கப்படுகிறது. மினாக்ஸிடில் 5%, ஃபினாஸ்டெரைடு 0.1% இரண்டும் சேர்ந்த பாட்டில்கள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. வெறும் மினாக்ஸிடிலுக்கும் இதற்கும் பல பிராண்டுகளில் பெயரின் கடைசியில் சேரும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தான் ஹார்மோன் மருந்தைத் தடவுகிறோம் என்றே தெரியாமல் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தலைத்தோல் வழியாகவும் மருந்து ரத்தத்தில் கலக்கும். அமெரிக்க நிர்வாகத்துக்கு 2019 முதல் 2024 வரை இத்தகைய கலவைத் திரவங்கள் குறித்து 32 புகார்கள் வந்தன. விறைப்புக் குறைபாடு, பதற்றம், தூக்கமின்மை, விரைவலி ஆகியவை அவற்றில் அடக்கம். நிறுத்திய பிறகும் தொந்தரவு தொடர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தடவிய கையும் தலையணை உறையும் மனைவியைத் தொடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபினாஸ்டெரைடு போதவில்லை என்றால் அடுத்ததாகச் சிலருக்கு டூட்டாஸ்டெரைடு எழுதப்படுகிறது. இது அதைவிட வலுவானது, டி.எச்.டி.யை 90 சதவீதத்துக்கும் மேல் குறைப்பது, நிறுத்தினாலும் உடலில் மாதக்கணக்கில் தங்குவது. தென்கொரியாவும் ஜப்பானும் இதை வழுக்கைக்கு அனுமதித்திருக்கின்றன; அமெரிக்கா புராஸ்டேட்டுக்கு மட்டும். முதல் மருந்தில் தொந்தரவு கண்டவர் இதன் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

அட்டையை வெட்டி விற்கும் ஊரில்

பிரிட்டன் 2024இல் ஃபினாஸ்டெரைடு பெட்டிக்குள் நோயாளிக்கான எச்சரிக்கை அட்டை ஒன்றை வைக்கச் சொன்னது. ஐரோப்பிய முகமையும் 1 மில்லிகிராம் பெட்டிகளுக்கு அதையே சொல்லியிருக்கிறது. பிரான்ஸ் ஒரு படி மேலே போய், விளைவுகளைக் கேட்டுப் புரிந்துகொண்டதாக நோயாளியும் மருத்துவரும் கையெழுத்திட்ட தாளைக் காட்டினால்தான் 1 மில்லிகிராம் மாத்திரை என்று 2025இல் விதித்தது.

இவற்றை அப்படியே இங்கே நகலெடுத்தால் பயன்படாது. நம் மருந்துக் கடைகளில் பெட்டி வாடிக்கையாளரின் கைக்கு வருவதே அரிது. ஒரு மாத்திரை அட்டை, சில சமயம் வெட்டிய பாதி அட்டை, ஒரு காகித உறை. விவரத் துண்டுச்சீட்டு இருந்தாலும் அது பொடி எழுத்து ஆங்கிலத்தில், பதிவுபெற்ற மருத்துவர்களின் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வாசகத்தோடு இருக்கும். விழுங்குகிறவரை உத்தேசித்து எழுதிய ஒரு வரிகூட நம் ஊர் விற்பனையில் இல்லை.

என்ன செய்யலாம்?

முதலில் சீட்டு. இது மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்து. அட்டையில் சிவப்புக் கோடு அதற்காகத்தான். தூக்க மாத்திரை விற்பனையில் காட்டும் கண்டிப்பில் பாதியை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதில் காட்டினாலும் போதும். செயலிகளின் ‘இலவச ஆலோசனை’ உண்மையில் மருத்துவ ஆலோசனையா என்பதையும் துறை திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தமிழில் ஒரு துண்டுச்சீட்டு. பெட்டிக்குள் வைத்தால் கடையிலேயே நின்றுவிடும். முதல் முறை வாங்குகிறவரின் காகித உறைக்குள் மருந்தாளுநர் அதைப் போட்டுத் தர வேண்டும். பாலியல் மாற்றம், மனச்சோர்வு, கர்ப்பிணி தொடக் கூடாது, பி.எஸ்.ஏ. சோதனைக்கு முன் சொல்ல வேண்டும்: எட்டு வரிக்குள் அடங்கிவிடும்.

மருத்துவர்களிடம் கேட்பது இதைவிடச் சுலபம். எழுதுவதற்கு முன், இதற்குமுன் மனச்சோர்வு இருந்ததா, தாம்பத்தியத்தில் இப்போது சிரமம் உண்டா, குழந்தைக்கு முயல்கிறீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். மருந்துக்கு முன்பே இருந்த பிரச்சினையா, பிறகு வந்ததா என்ற தகராறு இதில் பாதி தீர்ந்துவிடும். முடி நடும் மையங்கள் சிகிச்சையோடு சேர்த்துத் தரும் மாத்திரைக்கும் இது பொருந்தும். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் அந்த மாத்திரையின் பெயரும் இருக்கட்டும்.

முடி கொட்டுகிறவருக்கு: எல்லா முடி உதிர்தலும் வழுக்கை அல்ல. டெங்கு, டைபாய்டு, பட்டினி உணவுமுறை இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் தானே திரும்பும். அதற்கு இந்த மாத்திரையால் பயனில்லை. நோய் என்ன என்று ஒரு தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். வழுக்கையேதான் என்றாலும், ஹார்மோனைத் தொடாத மினாக்ஸிடில் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையாக இருந்து, முடி வளர்க்கும் திரவமாக 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் பதற வேண்டாம். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. பாலியல் மாற்றம் தெரிந்தால் எழுதிக்கொடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனம் சோர்ந்தாலோ, உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தாலோ 1 மில்லிகிராம் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். புராஸ்டேட்டுக்காக 5 மில்லிகிராம் எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

கடைசியாக, புகார். இந்தியாவில் இந்த மருந்தால் எத்தனை பேருக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர்கள் பதிவுசெய்ய வேண்டும். அதற்காகவே காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் ஒரு திட்டம் நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகச் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. அதில் நோயாளியின் பெயரைக் கேட்பதில்லை, முதலெழுத்துகள் போதும்.